உணவு நடை பெரிய மார்க்கெட்டில் தொடங்கட்டும்

வார இறுதியில் புதுச்சேரிக்கு வந்துபோகிறவர்களுக்கு ஊரின் சாப்பாடு என்று காட்டப்படுவது பெரும்பாலும், நகரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பதுதான். மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூக் கொடி, கீழே ஒரு மேஜை, மேஜையில் க்ரோசானும் காபியும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதோடு ஊரின் உணவைப் பார்த்தாகிவிட்டது என்று ஒருவர் திரும்பிப் போனால், அவருக்குப் பாதி ஊரை யாரோ மறைத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, பத்துப் பேர் பின்தொடர்ந்து தெருத்தெருவாகச் சாப்பிட்டுப் பார்க்கும் உணவு நடைகள் இன்று உலகின் பழைய நகரங்கள் பலவற்றிலும் பரவியிருக்கின்றன. புதுச்சேரியில் அப்படி ஒன்றை யார் திட்டமிட்டாலும் அது பெரிய மார்க்கெட்டில் தொடங்க வேண்டும். அங்கிருந்து கிழக்கே நடந்து கடற்கரையில் முடிய வேண்டும். கடற்கரையில் தொடங்கி, நேரம் மிஞ்சினால் மார்க்கெட்டை எட்டிப் பார்ப்பது என்கிற இப்போதைய வழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம்.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே, மகாத்மா காந்தி வீதியை ஒட்டி நிற்கிறது இந்தச் சந்தை. பிரெஞ்சுக்காரர்கள் கிராண்ட் பஜார் என்றார்கள். பின்னாளில் எதுவார் குபேர் பெயரால் குபேர் அங்காடி ஆயிற்று. நகர மேயராக இருந்து, 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானவர் அவர். ஊர்க்காரர்களுக்கோ அது எப்போதும் பெரிய மார்க்கெட்தான். கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இடையில் ஓடுகிற பெரிய வாய்க்கால் ஒரு காலத்தில் வெள்ளையர் பட்டணத்தையும் கறுப்பர் பட்டணத்தையும் பிரித்தது. வீடுகளைப் பிரித்ததே தவிர, அடுப்பைப் பிரிக்கவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த துரை வீடுகளின் சமையற்கட்டில் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் கூடையோடு போன இடம் பஜார். மீன், கறி, காய், மசாலாச் சாமான், இலை எல்லாம் மேற்கிலிருந்துதான் கிழக்கே போயின. அந்த வழியிலேயே நடையும் போனால், ஒரு நகரம் எப்படிச் சாப்பிட்டது என்பது காலிலேயே புரியும்.

இதற்குச் சாட்சி சொல்லப் புதுச்சேரியின் கலப்புச் சமையலே போதும். அதில் பிரெஞ்சு என்று சொல்லப்படுகிறவை பலவும் இந்தச் சந்தையின் சாமான்களால் ஆனவை. தாளிப்பு வடகத்தை எடுத்துக்கொள்வோம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, கோடை வெயிலில் நாள்கணக்கில் காயவைத்து எடுக்கும் உருண்டை. கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் மீன் குழம்பும் கீரையும் அது இல்லாமல் இறங்காது. அதே வடகம் வாதுவான் என்ற பெயரில் பிரான்சுக்குப் போய், அங்கே மசாலாத் தூளாகப் பெரிய சமையல்காரர்களின் கைக்கு வந்து, பிறகு அமெரிக்க உணவகங்கள் வரை சென்றிருக்கிறது. மார்சேய் துறைமுகத்து மீன் சூப்பான புய்யபேஸ் இங்கே மஞ்சளும் பூண்டும் ஏற்று வேறொரு பண்டமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ரவை, நெய், முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக் பாரிஸ் பலகாரம் அல்ல. இந்தோசீனாவில் பிரெஞ்சு அரசுக்குச் சிப்பாய்களாகவும் குமாஸ்தாக்களாகவும் போன புதுச்சேரித் தமிழர்கள் சைகோனிலிருந்து திரும்பியபோது கொத்துக்கறி வைத்துப் பொரிக்கும் நெம் சுருளையும் கொண்டுவந்தார்கள். இவற்றுக்கெல்லாம் செய்முறை எங்கிருந்தும் வந்திருக்கலாம். கறியும் மீனும் மளிகையும் வந்தது பஜாரிலிருந்து. இன்னும் பின்னே போனால், நகருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்தத் துறையில், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அயல்நாட்டுப் பண்டம் இந்தக் கரைக்கு இறங்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு கட்டம்.

மார்க்கெட்டின் தெற்குப் பக்கமாக வெளியே வந்தால், ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பை அரசியலுக்காகவே எல்லோரும் படிக்கிறார்கள். அவர் ஒரு பெரிய வியாபாரி என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. ஊரின் பெரிய பேச்சுகள் பலவும் நடக்கும் இடமாக அந்தக் குறிப்புகளில் மறுபடி மறுபடி வருவது அவருடைய பாக்குக் கிடங்கு. கப்பல் வந்த சேதி, சரக்கின் நடமாட்டம், கவர்னர் மனநிலை எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன.  கீழ்த்தளம் தமிழ் வீடாக மரத்தூண்களோடும், மேல்தளம் பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்களோடும் நிற்கிற அந்த மாளிகையின் வாசலில் ஐந்து நிமிடம் நின்று, வெற்றிலை பாக்கு மென்றபடி இதைச் சொல்கிற வழிகாட்டி, சுற்றுலா வருகிறவருக்குப் பெரிய உதவி செய்கிறார். சந்தையும் சரித்திரமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர்கள் குறைவு.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் வரும். மக்கள் புதுச்சேரிக்கு வருவதே பிரெஞ்சு வாசனைக்காக. தமிழ்நாட்டில் எங்கும் இருக்கிற காய்கறிச் சந்தையைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் யார் வருவார்கள் என்பார்கள். ஈர்ப்பு எது என்பதில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஈர்ப்பு ஒருவரை ஊருக்கு அழைத்து வருகிறது. வந்த பிறகு எதைக் காட்டுவது என்பது வழிகாட்டியின் பொறுப்பு. க்ரெப்பும் பீட்சாவும் இன்று எந்தப் பெருநகரத்திலும் கிடைக்கின்றன. ஒயிட் டவுனில் இப்போதிருக்கும் கஃபேக்களில் பெரும்பாலானவை சுற்றுலாவோடு வந்தவை, காலனிக் காலத்து வீட்டுச் சமையலின் தொடர்ச்சி அல்ல. வேறு எங்கும் கிடைக்காத புதுச்சேரி வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதோடு, தமிழ் தெரிந்த பயணிக்கும் தமிழிலேயே ஒரு நடை வேண்டும். கிழங்கான், காரப்பொடி, மல்லாட்டை, பச்சை மொச்சை என்று கேட்டதும் தன் பாட்டி வீட்டு அடுப்பு நினைவுக்கு வருகிறவர் அவர்தான். ஆங்கிலத்தில் மட்டும் விலை போட்டு விற்கிற நடை அவரை வெளியே நிறுத்திவிடுகிறது.

நல்ல நடைக்கு வரைபடத்தைவிடப் பஞ்சாங்கம் முக்கியம் என்று சொல்வேன். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்; நாட்டுப்படகு கொண்டுவருகிற சிறு மீன்தான் கூடைக்கு வரும், விலையும் ஏறும். வஞ்சிரம் காட்டுகிறேன் என்று மே மாதத்தில் விளம்பரம் செய்வது பொய்யாக முடியும். ஆனால் அதே மாதங்களில் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வந்து குவியும், வீடுகளில் வடகம் காயும், கருவாட்டுக்குக் கிராக்கி கூடும். கோடை நடையைப் பலாச்சுளையையும் கருவாட்டையும் வைத்து அமைக்கலாம். புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சி இல்லை. மீன் பக்கம் ஓய்ந்து காய்கறிப் பக்கம் நிறையும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க வீடுகள் இறைச்சியைத் தவிர்ப்பதால் மீனுக்குத் தேவை இருக்கும். தைப்பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும், மாசிமகத்துக்குப் பூவும் தேங்காயும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் சந்தின் தரையெல்லாம் சேறாகும். நடையை நிறுத்தி வைப்பதே நல்லது. நாளில் காலைதான் நேரம். வெயில் ஏறுமுன் உள்ளே போய், வாடிக்கையாளர் கூட்டம் நெருக்கும்போது வெளியே வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கத் துணிக்கடைகளாகி சண்டே மார்க்கெட் நடக்கும். அன்று உணவு நடைக்கு இடமே இருக்காது.

கூட்டம் என்றதும் இரண்டாவது மறுப்பு எழுகிறது. இதை நான் முதலாவதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பிழைப்பு நடக்கிற இடத்தைக் காட்சிசாலை ஆக்கலாமா? பார்சலோனாவின் போக்கேரியா சந்தை இதற்கு விடை தேட வேண்டி வந்தது. படம் எடுக்கிறவர்கள் பெருகி, வாங்க வருகிற உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கியதால், 15 பேர் கொண்ட குழுக்களும் அதற்கு மேற்பட்டவையும் வெள்ளி, சனி காலை 8 முதல் பிற்பகல் 3 மணி வரை உள்ளே வரக்கூடாதென்று 2015-இல் தடை வந்தது. டோக்கியோவின் சுகிஜி மீன் சந்தையில் சூரை மீன் ஏலத்தைப் பார்க்க வந்தவர்களின் தொல்லை தாங்காமல் 2008 டிசம்பரில் பார்வையாளர்களைச் சில வாரம் நிறுத்திவைத்தார்கள். பிறகு நாளுக்கு 120 பேர் என்று வரம்பு கட்டினார்கள். பெரிய மார்க்கெட்டின் சந்துகள் அவற்றைவிடக் குறுகல். இருபுறமும் பெண்கள் தரையில் கடை பரப்பி உட்கார்ந்திருப்பார்கள், நடுவே தலைச்சுமைக்காரர் வழி கேட்டுக்கொண்டே வருவார். அங்கே இருபது பேர் வட்டமாக நின்று வழிகாட்டியின் பேச்சைக் கேட்டால் அந்தச் சந்தின் வியாபாரம் நின்றுபோகும். ஆகவே எட்டுப் பேருக்கு மேல் கூடாது; விளக்கமெல்லாம் வெளியே வீதியில்; உள்ளே பார்ப்பதும் வாங்குவதும் மட்டும். நிற்கிற ஒவ்வொரு கடையிலும் முழு விலை கொடுத்து ஏதாவது வாங்க வேண்டும், இலவசமாகச் சுவைபார்க்கக் கேட்கக் கூடாது, பேரம் பேசி வேடிக்கை காட்டக் கூடாது. முகத்தைப் படம் எடுக்குமுன் கேட்க வேண்டும், வேண்டாமென்றால் விட வேண்டும். வீராம்பட்டினத்திலிருந்தும் வைத்திக்குப்பத்திலிருந்தும் வந்து மீன் விற்கிற அம்மாக்களுக்கு அது கடை. நமக்குத்தான் அது பயணம்.

சுத்தமில்லை, நாற்றம், சந்தைக்குள் உட்கார்ந்து சாப்பிட இடமுமில்லை என்கிறார்கள். மீன் சந்தையில் மீன் வாடைதான் வரும். மற்றபடி, சாக்கடையும் குப்பையும் சீராக வேண்டும் என்பதில் வியாபாரிகளுக்கு இல்லாத அக்கறை பயணிக்கு வந்துவிடப் போவதில்லை. சாப்பாட்டைப் பொறுத்தவரை, சந்தை வாங்குகிற இடம், உண்கிற இடம் வேறு. நேரு வீதியில் தொழிலாளர் கூட்டுறவு நடத்துகிற இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. யான் மார்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் அந்த இடம் வருகிறது. சந்தைக்குள் நுழையுமுன் அங்கே ஒரு காபி குடிக்கலாம். சந்தையில் மீன் வாங்கி, அங்கேயே ஆய்ந்து கொடுக்கும் பெண்களிடம் கூலி கொடுத்து வெட்டி, முன்பே பேசிவைத்த ஒரு வீட்டின் சமையற்கட்டுக்கு அனுப்பலாம். அது வேகிற நேரத்தில் குழு ரங்கப்பிள்ளை வீதி, மிஷன் வீதியின் ஜென்மராக்கினி மாதா கோயில் என்று நடந்து வரும். மத்தியானம் அந்த வீட்டில் வடகம் தாளித்த குழம்போடு இலைச் சாப்பாடு. சமைத்தவருக்கு உரிய கூலி, கட்டணத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு வாய்க்காலைத் தாண்டிப் போய் க்ரோசான் தின்றால், அதற்கும் ஒரு முன்கதை கிடைத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இந்த மார்க்கெட்டை இடித்துக் கட்டும் யோசனை வந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். இடைக்காலத்தில் எங்கே போவோம், திரும்பி வந்தால் அதே இடம் கிடைக்குமா என்பதே அவர்கள் கேள்வி. பழையதை அப்படியே விட்டுவிட முடியாது என்பதற்கு 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்த மேரி என்னும் பழைய நகர்மன்றக் கட்டடமே சான்று. அது பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது. ஆனால் கட்டடம் திரும்பி வருவதுபோல் சந்தை திரும்பி வராது. 1996-இல் சென்னைக் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது ஜார்ஜ் டவுனின் ஒரு பழைய வாழ்க்கை அதோடு போனது. ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் தெரு வியாபாரிகளை அகற்றக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. மார்க்கெட்டைச் சுற்றித் தரையில் கடை பரப்புகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்கிற குரலில் வெளியூர்க்காரர்களின் குரலும் சேரலாம். ஒருமுறை நடந்து பார்த்தவர்கள்தான் அப்படிச் சேருவார்கள். ஆகவே உணவு நடை நடத்த நினைக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: விளம்பரம் அச்சடிப்பதற்கு முன்னால் பெரிய மார்க்கெட் வியாபாரிகளிடம் போய்ப் பேசுங்கள். எத்தனை மணிக்கு வரலாம், எந்த வாசல் வழியாக வரலாம், எத்தனை பேர் வரலாம் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.