பாராட்டுப் பத்திரத்தில் என்ன எழுதுவார்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் சிறந்த முன்னாள் மாணவர்களைக் கௌரவிப்பார்கள். ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்து, அவரைப் பற்றி ஒரு பத்தி வாசித்து, கேடயம் கொடுத்து, கைதட்டி உட்கார வைப்பார்கள். அந்த ஒரு பத்திமேல்தான் எனக்கு ஆர்வம். பொறியியல் படித்தவருக்கு அதை எழுதுவது சுலபம். கட்டிய பாலத்தைக் காட்டலாம், வாங்கிய காப்புரிமையைச் சொல்லலாம். கல்வியும் மனித அறிவியலும் சேர்ந்த கல்லூரியில் படித்தவருக்கு என்ன எழுதுவார்கள்?

நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் குடும்ப அறிவியல் கல்லூரியையும் 2003இல் இணைத்து உருவாக்கியது. அங்கே படித்து வெளியே வருகிறவர்கள் மழலையர் வகுப்பு ஆசிரியைகள், உணவியல் வல்லுநர்கள், குடும்ப ஆலோசகர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள். அந்த வளாகத்துக் கட்டடம் ஒன்றுக்கு ரூத் லெவர்ட்டன் பெயர். அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒரு பெண்ணின் உடம்புக்கு எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு தேவை என்று, கல்லூரிப் பெண்களுக்கு அளந்து அளந்து உணவு கொடுத்துக் கண்டறிந்தவர். அவருக்காவது ஒரு கட்டடம் கிடைத்தது. இந்தத் துறையில் பெரும்பாலோரின் உழைப்பு யாரோ ஒரு குழந்தையின் எலும்பிலும் ரத்தத்திலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதை எடுத்து மேடையில் வைக்க முடியாது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஃப்ளெமி கிட்ரெல் ஞாபகத்துக்கு வருவார். வட கரோலினாவின் ஹெண்டர்சன் என்ற ஊரில் 1904இல் பிறந்த கறுப்பினப் பெண். ஹாம்ப்டன் கல்லூரியில் ஆசிரியர்கள் மனையியல் எடுக்கச் சொன்னபோது அவருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் மாறினார். ரிச்சர்ட்ஸ் யார் என்றால், எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய முதல் பெண். வருஷம் 1873. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குடிநீரை ஆயிரக்கணக்கான மாதிரிகள் எடுத்துச் சோதித்தவர். பாஸ்டனில் ஏழைகளுக்காகச் சமையற்கூடம் திறந்தவர். அந்த நகரத்து உயர்நிலைப் பள்ளிகளில் மதிய உணவு கொடுக்க வழி செய்தவர். இத்தனை செய்தவருக்கு எம்.ஐ.டி. முனைவர் பட்டம் தரவில்லை. வேதியியலை அடுப்படிக்குக் கொண்டுவந்த அந்தப் பெண்மணியைப் படித்துவிட்டுத்தான் கிட்ரெல் துணிந்தார்.

கிட்ரெல் 1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ஊட்டச்சத்தியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பாருங்கள்: வட கரோலினாவில் ஓர் ஊரில், கறுப்பினத் தாய்மார் கைக்குழந்தைகளுக்கு என்ன ஊட்டுகிறார்கள் என்பது. தான் பிறந்த மாநிலத்துக்கே திரும்பிப்போய், வீடு வீடாகக் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதற்குப் பத்தாண்டு கழித்து லைபீரியாவுக்குப் போனார். அங்கே அவர் கண்டதைத்தான் நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் பட்டினி கிடக்கவில்லை. சோறும் மரவள்ளிக்கிழங்கும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஆனால் உடம்புக்கு வேண்டிய அளவு புரதமும் இல்லை, வைட்டமினும் இல்லை. வயிறு நிறைந்தவனுக்கும் பசி உண்டு, அது வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்டுத் திருப்தியடைகிற நமக்கு இது சட்டென்று ஏறாத விஷயம்.

என் பெரியம்மா மகள் ஒருத்தி மனையியல் படித்தாள். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது, "சமைக்கத் தெரிஞ்சுக்கக் காலேஜுக்கா போகணும்?" என்று உறவுக்காரர்கள் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா பதில் சொல்லமாட்டாள். கல்யாண வீடோ காதுகுத்தோ, பக்கத்தில் வந்து நிற்கிற குழந்தையின் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் கண்ணின் கீழிமையை மெல்ல இறக்கிப் பார்ப்பாள். உள்ளே சிவப்பாக இருந்தால் கன்னத்தைத் தட்டி அனுப்பிவிடுவாள். வெளிறியிருந்தால் தாயைத் தேடிப்போய், "இவனுக்கு டீ கொடுக்கிறதை நிறுத்துங்க அண்ணி. முருங்கைக்கீரை போடுங்க, கூடவே எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுங்க" என்பாள். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையையும் விடமாட்டாள். லைபீரியாவில் கிட்ரெல் தேடியதைத்தான் பந்தி வரிசையில் அக்கா தேடிக்கொண்டிருந்தாள் என்று இப்போது புரிகிறது. அவளை எந்த மேடைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கிட்ரெல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1950இல் ஃபுல்பிரைட் உதவியில் பரோடாவுக்கு வந்து, அங்கே புதிதாகத் தொடங்கிய மனையியல் கல்லூரியை அமைக்க உதவினார். பரோடா பல்கலைக்கழகத்துக்கு அப்போது துணைவேந்தர் ஹன்ஸா மேத்தா. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில், ஆண்களை மட்டும் குறிப்பதாகத் தோன்றிய சொல்லை எடுத்துவிட்டு, மனிதர் அனைவரும் என்று வரும்படி வாதாடி மாற்றியவர். தன் சொந்த நாட்டின் பல ஊர்களில் வெள்ளையரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஒரு பெண்ணும், அந்தச் சொல்லை மாற்றிய பெண்ணும் ஒரே வளாகத்தில் வேலை செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்தை எழுதுவதற்கு ஒரு நாவலாசிரியர் வரமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருங்கியவர் ராஜம்மாள் தேவதாஸ். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தியல் படித்து முனைவரானவர். அங்கேயும் இன்று கல்வியும் மனிதச் சூழலியலும் ஒரே கல்லூரியாகத்தான் இருக்கின்றன. படித்து முடித்துத் திரும்பியவர், அவினாசிலிங்கம் செட்டியார் கோவையில் 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரிக்கு முதல்வராக வந்து, அதைப் பல்கலைக்கழக நிலைக்கு உயர்த்தியதில் பெரும்பங்கு ஆற்றினார். 1992இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கல்லூரியில் உருவானது 'குழந்தை அமுது' என்ற சத்துமாவு. ஊரில் விளைகிற ஒரு தானியம், பாசிப்பயறு, வேர்க்கடலை, வெல்லம். எல்லாம் நம் வீட்டு டப்பாக்களில் இருப்பவை. எதை எவ்வளவு சேர்த்தால் ஒரு பிள்ளைக்குப் போதும் என்று கணக்குப் பார்த்ததுதான் விஞ்ஞானம். அதைக் கரைத்துக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ராஜம்மாளின் பெயர் தெரிந்திருக்காது.

மறுபடி கிட்ரெலுக்கு வருகிறேன். அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1944 முதல் 1972 வரை மனையியல் துறையை நடத்தினார். அங்கே ஏழைக் குழந்தைகளுக்காக அவர் நடத்திய மழலையர் பள்ளி, 1965இல் அமெரிக்க அரசு தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்துக்கு முன்னோடிகளில் ஒன்று. குழந்தைக்குப் பாடமும் சாப்பாடும் மருத்துவமும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் அது. கிட்ரெல் 1980இல் காலமானார்.

நம் கல்லூரிகளிலும் முன்னாள் மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. பொன்விழா மலருக்கும் விருதுக்கும் பெயர் கேட்டுக் கடிதம் வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்சியர்கள், நடிகர்கள், தொழிலதிபர்கள். அவர்கள் வரட்டும், வரவேண்டியவர்கள்தான். அடுத்த முறை உங்களுக்கு அந்தக் கடிதம் வந்தால், உங்களோடு படித்து அங்கன்வாடியிலோ, சத்துணவு மையத்திலோ, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் வகுப்பறையிலோ முப்பது வருஷம் வேலை பார்த்த ஒருவரின் பெயரை எழுதி அனுப்புங்கள். பத்தியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.