பதின்மூன்று வண்டிகள்

பந்தயம் என்றால் ஒருவர் ஜயிப்பதும் மற்றவர்கள் தோற்பதும் சகஜந்தான். தோற்ற குழந்தைக்கு ஆறுதல் சொல்லிவிடலாம். ஆனால், "நான் நியாயமாகத்தான் தோற்றேனா?" என்று அது கேட்டுவிட்டால் பதில் சொல்வது கஷ்டம். இருபது வருஷமாகக் கணிதம் போதித்து வரும் நம்மிடம் இந்தக் கேள்வி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது.

கலிபோர்னியாவில் வசிக்கும் நம் தமக்கையின் குமாரன், தன் மகள் சேர்ந்திருக்கும் குருளைச் சாரணர் படைக்கு வண்டிப் பந்தயம் நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறான். அந்நாட்டில் அதற்கு 'பைன்வுட் டெர்பி' என்று பெயர். பைன் மரக்கட்டை ஒன்று, சக்கரங்கள் நான்கு, அச்சுக்கு ஆணிகள் நான்கு, இவ்வளவுதான் மூலதனம். எடை 5 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 142 கிராமுக்கு, மேற்படக் கூடாது. யந்திரம் கிடையாது. சரிவான தடத்தின் உச்சியிலிருந்து விட்டால், பூமியின் ஈர்ப்புச் சக்தியே வண்டியை ஓட்டிச் செல்லும்.

பெரிய பெட்டி வண்டிப் பந்தயத்தில் சேரத் தம் மகனுக்கு வயது போதவில்லையே என்று எண்ணி, டான் மர்பி என்பவர் 1953-ல் மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில் இதை ஆரம்பித்து வைத்தார். ஆகவே, இடம் கிடைக்காத ஒரு பிள்ளைக்காகப் பிறந்த பந்தயம் இது.

"மாமா, வண்டிகள் பதின்மூன்று, தடத்தில் பாதைகள் நான்கு. எப்படி நடத்தினால் ஒருவரும் அழாமல் வீடு திரும்புவார்கள்?" என்று தொலைபேசியில் கேட்டான்.

"அழாமலிருக்க நம்மிடம் கணக்கு இல்லை, அப்பா! அநியாயம் என்று அழாமலிருக்க வேண்டுமானால் வழி உண்டு" என்றோம்.

இருவர் இருவராக ஓடவிட்டு, தோற்றவரை வெளியேற்றுவது எல்லோரும் அறிந்த முறை. அதில் 12 ஓட்டங்களில் காரியம் முடிந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் கட்டையைச் செதுக்கி வர்ணம் பூசிய பிள்ளைகளில் ஆறு பேர், சில விநாடி ஓடிய பிறகு வெறுமனே வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இரண்டாவது வேகமான வண்டி, முதல் சுற்றிலேயே முதல் வண்டியிடம் அகப்பட்டுக்கொண்டால் அதன் கதி என்ன? 'ஆலிஸ்' கதைகளை எழுதிய லூயி காரல், ஆக்ஸ்போர்டில் கணிதம் போதித்தவர். டென்னிஸ் பந்தயங்களில் உள்ள இந்தக் குறையை 1883-லேயே அவர் எடுத்துக் காட்டினார். 32 பேர் ஆடினால், இரண்டாவது சிறந்தவருக்கு அவருக்குரிய பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31-ல் 16 பங்குதான்! போதாக்குறைக்கு, நான்கு பாதைகளும் ஒன்றுபோல் வழவழப்பாக இருப்பதில்லை.

நாம் சொன்ன முறை இது: முதல் ஓட்டத்தில் 1, 2, 4, 10 எண்ணுள்ள வண்டிகளை முறையே நான்கு பாதைகளில் நிறுத்துக. அடுத்ததில் ஒவ்வோர் எண்ணுடனும் ஒன்றைக் கூட்டி 2, 3, 5, 11 என்று நிறுத்துக. 13-க்குப் பின் மறுபடியும் 1. இவ்விதம் 13 ஓட்டங்கள். ஒவ்வொரு வண்டியும் நான்கு முறை, ஒவ்வொரு பாதையிலும் ஒரு முறை ஓடியிருக்கும். அதோடு, மற்றப் பன்னிரண்டு வண்டிகளில் ஒவ்வொன்றையும் சரியாக ஒரே ஒரு முறை சந்தித்திருக்கும்!

கடிகாரங்கூட வேண்டியதில்லை. முதலில் வந்ததற்கு 1, இரண்டாவதற்கு 2 என்று எண்ணிட்டு, நான்கு ஓட்டங்களையும் கூட்டினால் போதும். வேகமான வண்டி எப்போதும் முந்துமானால், முதல் வண்டிக்கு 4, அடுத்ததற்கு 5 என்று ஏறி, கடைசி வண்டிக்கு 16 வரும். இத்தனைக்கும் பழைய முறையைவிட அதிகமாவது ஒரே ஓர் ஓட்டம்!

நேயர்கள் சந்தேகப்பட்டால், வீட்டுக் குழந்தைகளைச் சிலேட்டில் அட்டவணை போடச் சொல்லிச் சரிபார்க்கலாம். பதினாறு எண் வாங்கிய குழந்தைக்கும் வருத்தம் இருக்கும்; ஆனால் தன்னைப் பன்னிரண்டு வண்டிகள் நேருக்கு நேர் முந்தின என்பது அதற்குத் தெரியும். அடுத்த வருஷம் கட்டையை இன்னும் நன்றாகச் செதுக்க அந்த அறிவு உதவும்.

மகனுக்குப் பதிலாகத் தகப்பனாரே செதுக்கிக் கொண்டுவரும் வண்டிக்கு மட்டும் எந்த அட்டவணையிலும் பரிகாரம் இல்லை. அதற்குத் தகப்பனார்கள்தான் மனசு வைக்க வேண்டும்!