மெனுவில் ஒரு வேண்டாத வரி



"தெரியாத விஷயத்தில் கை வைக்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் கை வைத்தேன். என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. சித்தப்பா 2012-இல் பிளஸ் டூ படித்தபோது தமிழக அரசு இலவசமாகக் கொடுத்தது. அதில் இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ் 7. மற்றொன்று பாஸ் லினக்ஸ். இது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. வேலை கிடைத்ததும் சித்தப்பா அந்தக் கணினியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். சேமிப்பு, கடன், வட்டி எல்லாக் கணக்கும் அந்தக் கணினியில் எக்செல் ஃபைலாக இருக்கிறது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு மெனு வரும். முதல் வரி பாஸ், கடைசி வரி விண்டோஸ். சில விநாடிக்குள் கீழ் அம்புக்குறியை அழுத்தாவிட்டால் தானாகவே பாஸுக்குள் போய்விடும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் போயே போய்விடும். "அந்த முதல் வரியை எடுத்துத் தொலையேன்டா" என்று அலுத்துக்கொள்வார்.

நான் கணினி அறிவியல் பிரிவு மாணவன் ஆயிற்றே! ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். எழுத்துப் பெயர் இல்லாத ஒரு பகுதி தெரிந்தது. இதுதான் பாஸ் என்று டெலீட் கொடுத்தேன். "இது விண்டோஸ் உருவாக்கிய பகுதி அல்ல, வேறு இயங்குதளத்தின் தகவல் இருக்கலாம், அழிக்கவா?" என்ற பொருளில் ஒரு கேள்வி வந்தது. முழுசாகப் படிக்கவில்லை. எஸ்! அந்த இடத்தைப் புது டிரைவாக ஃபார்மட் செய்து, சினிமாப் படங்களால் நிரப்பினேன். பெருமையாக ரீஸ்டார்ட் செய்தேன்.

மெனு வரவில்லை. விண்டோஸும் வரவில்லை. "அன்னோன் ஃபைல்சிஸ்டம்" என்று ஒரு வரி. அதன் கீழே "க்ரப் ரெஸ்க்யூ" என்று இன்னொரு வரி. அவ்வளவுதான்.

அம்மா திட்டவில்லை. "சனிக்கிழமை பேங்க்ல இருந்து வராங்கடா. நோட்டுல பாதிக் கணக்குதான் இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை.

மறுநாள் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் கம்ப்யூட்டர் சாரிடம் நீட்டினேன். சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்த மெனுவைக் காட்டுறது விண்டோஸ் இல்ல தம்பி, லினக்ஸோட சேர்ந்து வந்த க்ரப். அதோட முதல் துண்டு டிஸ்க்கோட ஆரம்பத்துல, 512 பைட் உள்ள முதல் செக்டார்ல இருக்கும். மிச்சம் லினக்ஸ் பகுதிக்குள்ள இருக்கும். நீ வீட்டை இடிச்சுட்ட. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் மட்டும் அங்கேயே நிக்கிறான். உள்ள எங்க அனுப்புறதுன்னு அவனுக்குத் தெரியல."

விண்டோஸ் 7 ஏற்றிய பென்டிரைவில் கணினியைத் தொடங்கினார். ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று என்னையே அடிக்கச் சொன்னார். அந்தக் கட்டளை முதல் செக்டாரில் உள்ள தொடக்க நிரலை மட்டும் மாற்றி எழுதும், பகுதிகளின் பட்டியலைத் தொடாது என்றார். ரீஸ்டார்ட் செய்தோம். விண்டோஸ் வந்தது. குழுக் கணக்கு அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் சார் கேட்டார். "அம்மாவுக்கு விண்டோஸ் தானா வரணும், அவ்வளவுதானே? க்ரப் அமைப்புல ஒரு எண்ணை மாத்தி, 'அப்டேட்-க்ரப்'னு ஒரு கட்டளை கொடுத்தா முடிஞ்சுது. எதையும் அழிச்சிருக்கவே வேண்டாம்."

மாலையில் சித்தப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "என் காலேஜ் புராஜெக்ட் பாஸ்லதான்டா இருந்துச்சு. ராத்திரி ராத்திரியா முழிச்சு எழுதினது. சரி விடு, அண்ணிகிட்ட சொல்லாத, வருத்தப்படுவாங்க" என்றார்.

வெறும் டெலீட் மட்டும் செய்திருந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருளால் அந்தப் பகுதியை மீட்கப் பார்த்திருக்கலாமாம். நான்தான் மேலேயே படங்களை ஏற்றிவிட்டேனே!

போன வாரம் எங்கள் லேபில் ஒரு கணினியில் 'விண்டோஸ் 7' என்று இரண்டு வரிகள் வந்தன. இரண்டாவதைத் தொட்டால் பிழைச் செய்தி. எடுத்துவிடச் சொல்லி சார் என்னைத்தான் கூப்பிட்டார். இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் 'பிசிடிஎடிட் /எக்ஸ்போர்ட்' கொடுத்துப் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்தேன். பிறகு 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, பூட் பக்கத்தில் எந்த வரி இப்போது ஓடுகிறது என்று பார்த்தேன். மற்றதை மட்டும் டெலீட் செய்தேன். இங்கே போனது பட்டியலில் உள்ள பெயர்தான். டிஸ்க்கில் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

ஆகவே நண்பர்களே, வரி வேறு, அதன் பின்னால் உள்ள பொருள் வேறு. வரியை எடுத்தால் பொருள் போகாது. பொருளை அழித்தால் வரி ஒழுங்காகப் போகாது, கணினியையே நிறுத்திவிடும். இயங்குதளத்தையே நீக்குவதானால் முதலில் நகல் எடுங்கள், பிறகு தொடக்கப் பொறுப்பை மற்ற இயங்குதளத்திடம் கொடுங்கள், கடைசியில்தான் அழியுங்கள். யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளில் முறையே வேறு. நான் செய்த கட்டளையை அங்கே அடிக்காதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நமக்கு வேண்டாத வரி வேறு யாருக்காவது வேண்டியதாக இருக்கலாம். நான் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு