பதினெட்டு நிறைந்த பின்னர்

2001-ஆம் ஆண்டு எழுத்தர் பணி ஏற்றுத் தில்லிக்கு வந்தவன் நான். ஓய்வூதியப் பிரிவில் அமர்ந்து, பிறருடைய கோப்புகளில், ‘தமது பிழைப்புக்கு வேண்டியதைத் தாமே ஈட்ட இயலாதவர்’ என்னும் தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். சென்ற ஆண்டு அதையே என் மகனின் பெயருக்கு நேரே எழுத நேர்ந்தது. அன்று பேனா சற்றே நின்றுவிட்டது.

என் மகனுக்கு ஆட்டிசம். 18 வயது நிறைந்த அன்று அவனிடம் மாற்றம் ஏதுமில்லை. மாறியது சட்டத்தின் பார்வை. அதுவரை தந்தை என்ற முறையில் நான் இட்ட கையொப்பம் போதுமானதாக இருந்தது. இனி, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளராக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, காப்பாளர் அவனுடன் கலந்து, அவன் விருப்பத்தை ஒட்டியே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. அவன் விருப்பத்தை நான் என்றேனும் கேட்டதுண்டா? இல்லை என்பதே உண்மை.

எனக்குப் பின் அவனுக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதியில் இடமுண்டு. அதற்குத்தான் அந்தத் தொடர். அவனுடைய பிற வருமானம், சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியமும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையினும் குறைவாக இருந்தால் தகுதி நீங்காது என்று 2021-இல் விதி தளர்த்தப்பட்டது. ஆகவே அவன் சிறிது ஈட்டப் பழகினாலும் கெடுதல் இல்லை. ஆனால் நான் அவனை எதற்குமே பழக்கவில்லையே!

“நமக்கு ஐம்பது ஆகப்போகிறது. இன்னும் எத்தனை நாள் நீங்களே பொத்தான் போட்டுவிடுவீர்கள்?” என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், அவன் பத்து நிமிடத்தில் செய்யக்கூடியதை நானே ஒரு நிமிடத்தில் செய்து முடித்து வந்தேன். அதை அன்பு என்று எண்ணியிருந்தேன்.

பால் வாங்குவதிலிருந்து தொடங்கினோம். பை எடு, படியிறங்கு, வரிசையில் நில், பணம் கொடு, பால் வாங்கி வா என ஐந்து பட அட்டைகள். முதலில் அருகில் நடந்தேன். பிறகு தெருமுனையில் நின்றேன். மூன்றாம் மாதம் வீட்டு மாடத்திலிருந்து பார்த்தேன்.

மூடுபனி மிகுந்த ஒரு காலை, ஐம்பது நிமிடமாகியும் அவன் திரும்பவில்லை. பதறி ஓடினேன். பால் வண்டி வரவில்லை. அவனோ கடை வாசலில் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தான். “பால் இல்லை, போ என்றேன், போகவில்லை. அதனால் உட்காரச் சொன்னேன்” என்றார் கடைக்காரர். பிழை மகனுடையதன்று. பால் இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்கு நான் அட்டை எழுதவில்லை. அன்று மாலையே ஆறாவது அட்டை எழுதினோம்: ‘பால் இல்லை, வீட்டுக்கு வா.’

லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக விவரித்த சிறுவர் டொனால்டு டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சிற்றூர் ஒன்றில் வங்கியில் பணியாற்றி, கார் ஓட்டி, தனியே வெளிநாடுகள் சென்று, 2023-இல் தமது 89-ஆம் வயதில் மறைந்தார். அவர் குடும்பத்துக்கு வசதியிருந்தது. அதோடு, அவரை அறிந்து ஏற்றுக்கொண்ட ஊரும் இருந்தது. வசதியை என்னால் தர இயலாது. ஊரையாவது தேடித் தர வேண்டும்.

சித்தப்பா, மாமா என்று உறவினர் சூழ வாழும் வாழ்வை விட்டு வந்தவர்கள் நாம். எனவே சங்கத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில் எங்களைக் கண்டால், “பையன் சாப்பிட்டானா?” என்று என்னைக் கேளாதீர்கள். அவனையே கேளுங்கள். விடை வரச் சற்று நேரமாகும். அதுவரை நின்றால் போதும்.