கரை சேரவேண்டிய சொல்

இயற்கையின் சீற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு இன்னும் கைவரவில்லை. அதன் வருகையை முன்கூட்டியே அறியும் ஆற்றல் ஓரளவு கைவந்துள்ளது. ஆயினும், அறிந்த செய்தி உரியவரின் செவிக்கு எட்டாதவிடத்து அவ்வறிவினால் விளையும் பயன் யாதுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழ்க்கரை இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், பூரணை விடுமுறையுங்கூட. இலங்கை நேரப்படி காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அங்கெழுந்த பேரலை வடமராட்சி கிழக்கை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. மணற்காட்டிலும் மருதங்கேணியிலும் கரையோரத்தில் வாழ்ந்தோர் உள்நிலம் நோக்கி நடந்தே தப்புவதற்கு அந்நேரத்தில் ஒரு பகுதியே போதுமாயிருந்தது. பசுபிக் மாகடலைக் கண்காணிக்கும் ஹவாய் நிலையம் அதிர்வைச் சில நிமிடங்களிலேயே அறிந்தது. இந்து மாகடலுக்கோ அன்று அத்தகைய எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. இத்தீவில் 30,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கடலோடு வாழ்பவர்க்குக் கடல் தெரியாதா என வினவலாம். வாடைக் காலத்தில் வானின் நிறத்தையும் காற்றின் திசைமாற்றத்தையும் கண்டு புயலை உய்த்துணரும் பட்டறிவு எமது கடற்றொழிலாளரிடம் உண்டு. 1964 டிசெம்பரில் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலை நினைவுகூரும் முதியோர் இன்றும் உளர். ஆழிப்பேரலைக்கு இவ்வாறான பட்டறிவு இல்லை. கடல்கோள் என்னுஞ் சொல் தமிழுக்குப் பழையது. எனினும் ஏட்டில் நிலைத்த அச்சொல் கரையில் வாழ்ந்தோரின் நினைவில் நிலைக்கவில்லை. சுமாத்திராவுக்கு அணித்தான சிமலு தீவிலோ 1907ஆம் ஆண்டுப் பேரலையின் கதையை மூத்தோர் இளையோர்க்குச் சொல்லி வந்தனர். நிலம் நடுங்கியதும் மக்கள் மேட்டுநிலம் ஏறினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலைக்கு இரையானோர் 7 பேரே.

சிமலுவில் நிலமே எச்சரித்தது. தொலைவிலுள்ள வடமராட்சிக்கு அவ்வாறன்று. இங்கு வெளியிலிருந்து ஒரு சொல் வந்தாகவேண்டும். அது எவ்வாறு வரக்கூடும் என்பதைப் புதுச்சேரியின் நல்லவாடு என்னும் மீனவக் கிராமம் அதே நாளில் காட்டிற்று. சிங்கப்பூரிலிருந்த அவ்வூரவர் ஒருவர் பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் ஊரை அழைத்தார். கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. மக்கள் கரையை விட்டகன்று உயிர் தப்பினர். ஊரார் அறிந்த குரல், ஊரார் பேசும் மொழியில், ஊரார் பழகிய கருவியின் வழியே ஒலித்தமையால் எவரும் ஐயுற்று நிற்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவத்துக்கு வழிவகுத்தது. இந்து மாகடலுக்கும் எச்சரிக்கை அமைப்பு உண்டு. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு நீங்கினர், பேரலை வரவில்லை. அதனை வீண் ஓட்டம் என எள்ளுவது தவறாகும். வராத அலைக்காக ஓடப் பழகியவரே வரும் அலைக்குத் தப்புவர்.

எனினும் குறை முற்றாக நீங்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை வெறும் ஓசையே. கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகம் வரை செய்தி வந்து சேரலாம். அங்கிருந்து வாடியில் உறங்குபவனுக்கும், செவிப்புலன் குன்றிய மூதாட்டிக்கும் அதனைக் கொண்டு செல்ல வேண்டியவர்கள் கிராம அலுவலரும், கடற்றொழிலாளர் சங்கத்தினரும், கோயில் மணியையும் தேவாலய மணியையும் அடிக்கக்கூடியவர்களுமே. எந்த மணி எதற்காக ஒலிக்கும், எவர் வீட்டுக் கதவை எவர் தட்டுவார் என்பவை கடல் அமைதியாகக் கிடக்கும் நாளிலேயே ஊரவர் கூடித் தீர்மானிக்கவேண்டியவை.