லேட்டோவுக்கு இடம் கொடுத்த தீவு

இந்தத் தடவை கிரேக்க நாட்டுப் பக்கம் போய் வருவோம். மைக்கோனோஸ் தீவில் படகு ஏறினால் அரை மணி நேரத்தில் டீலோஸ் தீவு. 5 கிலோமீட்டர் நீளம்தான். கல்லும் முள்ளுமாகக் கிடக்கும். ஒதுங்க நிழல் கிடைக்காது, குடிநீரை மறந்துவிடாதீர்கள்.

இங்கேதான் அப்போலோ, ஆர்ட்டெமிஸ் என்ற இரட்டைத் தெய்வங்கள் பிறந்ததாகப் பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். அவன் இசைக்கும் வைத்தியத்துக்கும் தெய்வம். அவள் வேட்டைக்கும் பேறுகாலப் பெண்களுக்கும் தெய்வம்.

தாய் லேட்டோ பட்ட பாடு கொஞ்சமல்ல. தேவர்களின் அரசன் சீயஸின் பிள்ளைகளை அவள் சுமந்தாள். பட்டத்தரசி ஹீரா சும்மா இருப்பாளா? அவள் கோபத்துக்கு அஞ்சி, நிறைமாதக்காரிக்கு எந்த ஊரும் இடம் தரவில்லை. கடைசியில் இந்த ஏழைத் தீவைக் கேட்டாள். தீவுக்கும் பயம்தான். பிறக்கும் பிள்ளை தன் கட்டாந்தரையைப் பார்த்து வெறுத்து, காலால் உதைத்துக் கடலில் தள்ளிவிட்டால்? பிள்ளையின் முதல் கோயில் இங்கேதான் எழும் என்று லேட்டோ சத்தியம் செய்த பிறகே இடம் கிடைத்தது.

ஒன்பது பகல், ஒன்பது இரவு வலி. பேறுகாலத்துக்கென்றே இருந்த இன்னொரு தெய்வத்தையும் ஹீரா வரவிடவில்லை. லேட்டோ ஒரு பேரீச்ச மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பெற்றாள். ஆர்ட்டெமிஸ் முந்திப் பிறந்து, தம்பி பிறக்கும்போது தாய்க்குத் தானே மருத்துவச்சியாக நின்றாள் என்றும் ஒரு கதை உண்டு. பிள்ளை பெற்ற சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சத்தியம் பொய்க்கவில்லை, கோயில்கள் எழுந்தன. நாக்சோஸ் தீவினர் வைத்த சலவைக்கல் சிங்கங்களைப் பாருங்கள். வெளியே வரிசையாக இருப்பவை நகல்கள். அசல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்துப் புனிதக் குளத்தில் தண்ணீர் தேடாதீர்கள். மலேரியாவுக்குப் பயந்து 1920-களில் அதை வற்றவைத்துவிட்டார்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறு. கி.மு. 426-இல் ஏதென்ஸ் நகரத்தார் தீவைத் தூய்மை செய்வதாகச் சொல்லிக் கல்லறைகளை எல்லாம் தோண்டி எடுத்தார்கள். இனி இங்கே யாரும் சாகக்கூடாது, பிள்ளையும் பெறக்கூடாது என்று கட்டளை வேறு. சாகக் கிடப்பவர்களையும் நிறைமாதப் பெண்களையும் எதிரே உள்ள ரெனியா தீவுக்குப் படகேற்ற வேண்டும். எல்லா ஊரும் விரட்டிய ஒருத்திக்கு இடம் கொடுத்த மண்ணில் இப்படி ஒரு சட்டம்!

இன்றும் பயணிகள் டீலோஸில் இரவு தங்க முடியாது. கடைசிப் படகைத் தவறவிடாதீர்கள். மைக்கோனோஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால், அன்று தோண்டிக் கொண்டுபோய் ரெனியாவில் புதைத்த பானைகளையும் சாடிகளையும் பார்க்கலாம்.