சீட் மாற்றும் சந்து

திங்கட்கிழமை கரோல்பாக்கில் கடைகளுக்கு விடுமுறை. மற்ற ஆறு நாட்களும் நைவாலா சந்துகளில் காரை மெதுவாக ஓட்டக்கூடாது. ஓட்டினால் இரண்டு பையன்கள் ஓடிவந்து ஜன்னலைத் தட்டுவார்கள். "சீட் கவரா? மேட்டா? ஹாரனா?"

தில்லித் தமிழர்களுக்குக் கரோல்பாக் பழகிய இடம். காப்பிப் பொடிக்கும் அப்பளத்துக்கும் வந்துகொண்டிருந்த என்னை இம்முறை இழுத்து வந்தது அக்கா மகனின் ஆசை. தினமும் குர்காவ் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் சின்னக் காரில் பந்தயக் கார் சீட் பொருத்த வேண்டுமாம்.

'பக்கெட் சீட்' என்கிறார்கள். அகராதியை நம்பி மொழிபெயர்த்தால் 'வாளி ஆசனம்' ஆகிவிடும். வேலை என்னவோ ஏறக்குறைய அதுதான். வளைவில் திரும்பும்போது ஓட்டுபவர் சரியாமல் இடுப்பையும் தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் ஓடு. அசல் பந்தய சீட் பெரும்பாலும் பின்னுக்குச் சாயாது. எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் 8855-1999 போன்ற தர முத்திரை அதில் இருக்கும். அந்த முத்திரைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள். கடையில் தொங்கிய சீட்டில் முத்திரை எதுவும் இல்லை. சிவப்புத் தையல் மட்டும் பளபளத்தது.

விலை படிந்தது. மிஸ்திரி வந்தார். அறுபது வயதிருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய சீட்டைச் சாய்த்தார்.

"இதைப் பார், பேட்டா."

சீட் பெல்ட்டைச் செருகும் பூட்டு, சீட்டின் இரும்புச் சட்டத்திலேயே முடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஓர் ஒயர் தரைக்கு ஓடியது. பெல்ட் போடாவிட்டால் கூவும் எச்சரிக்கைக்கான ஒயர். 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் இது கட்டாயம்.

"சீட்டை எடுத்தால் பூட்டும் போய்விடும். பெல்ட்டை எதில் மாட்டுவாய்?"

கடைக்காரர் தயங்கவில்லை. தரையில் துளை போட்டு ஒரு பட்டையை வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். கூடவே நான்கு முனை பந்தய பெல்ட்டும் சலுகை விலையில் தருவதாகச் சொன்னார்.

மிஸ்திரி தலையாட்டி மறுத்தார். தரைத் தகடு மெல்லியது. உட்காரும் பாரத்தைத் தாங்கும். மோதலில் பல மடங்காகும் பாரத்துக்குக் கிழிந்துவிடும். பந்தயக் காரில் தோள் பட்டைகளைக் கிட்டத்தட்ட தோள் உயரத்திலேயே பின்னால் கட்ட இடம் உண்டு. கூரை நசுங்காமல் காக்க உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் உண்டு. சாதாரணக் காரில் பட்டையைப் பின்தரையில் கட்டினால், மோதும்போது அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நெரிக்கும். கார் உருண்டாலோ, உடலை நிமிர்த்தியே கட்டிப்போட்டிருக்கும்.

"அப்படியானால் யாருமே மாற்றக்கூடாதா?" என்று கேட்டான் அக்கா மகன்.

"மாற்றலாம். முத்திரையுள்ள சீட், உன் கார் மாடலுக்கென்றே செய்த பிராக்கெட், கம்பெனி போட்ட அதே போல்ட் துளைகள், பூட்டுக்கு உறுதியான இடம். இத்தனையும் கொண்டு வா, போட்டுத் தருகிறேன்."

கடைக்காரர் முகம் கறுத்தது. மிஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "முன்பு ஒரு பையனுக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். வண்டி மட்டும் திரும்பி வந்தது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்."

அதன்பின் யாரும் பேரம் பேசவில்லை.

"எதற்குத்தான் இந்த சீட் உனக்கு?" என்றேன்.

"முதுகு வலிக்கிறது மாமா. போக வர மூன்று மணி நேரம் ஆகிறது."

ஒரு வாரமாகச் சிவப்புத் தையலைப் பற்றியே பேசியவன், முதுகு வலியைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

மிஸ்திரி பழைய சீட்டை முடுக்கினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அவனை உட்காரச் சொல்லி, கிளட்ச்சை முழுவதும் மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னுக்குத் தள்ளினார். படுத்திருந்த முதுகுச் சாய்வை நிமிர்த்தினார். தலையணையின் மேல் விளிம்பை உச்சந்தலை மட்டத்துக்கு உயர்த்தினார். கூலி இருநூறு ரூபாய்.

சந்தைத் தாண்டுவதற்குள் மறுபடியும் ஒரு பையன் ஜன்னலைத் தட்டினான். "சார், ரேஸிங் சீட்?" அக்கா மகன் கண்ணாடியை ஏற்றிவிட்டு பெல்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.